உயரம் என்னும் கையிருப்பு

இணையத்தின் வழியே பலர் ஒரே வானத்தில் கூடிப் போரிடும் சிமுலேட்டர் விளையாட்டுகளில், அதாவது விமானத்தின் எடை, எந்திரத்தின் திறன், காற்றின் தடை ஆகியவற்றை நொடிக்கு நொடி கணக்கிட்டு உண்மைப் பறப்பைக் கணினித் திரையில் போலச்செய்யும் விளையாட்டுகளில், ஜெர்மானியப் போர் விமானத்தைத் தேர்ந்தெடுக்கும் புதியவர் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் தோற்கிறார். எதிரி வலப்பக்கம் வளைந்தால் அவரும் வலப்பக்கம் வளைகிறார். எதிரி வட்டத்தைச் சுருக்கினால் அவரும் ஜாய்ஸ்டிக்கைத் தம் பக்கம் இழுத்து வட்டத்தைச் சுருக்க முயல்கிறார். இரண்டாவது, மூன்றாவது சுற்றில் அவருடைய விமானம் வேகமிழந்து தள்ளாட, எதிரி எளிதாக அவர் முதுகுக்குப் பின்னால் வந்துவிடுகிறார். பிறகு, உலகப்போரில் ஐரோப்பாவையே நடுங்கவைத்ததாகப் பெயர்பெற்ற மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தை விளையாட்டை உருவாக்கியவர்கள் வேண்டுமென்றே மட்டமாக்கிவிட்டார்கள் என்ற புகார் எழுகிறது. அந்தப் புகாரில் பெரும்பாலும் நியாயம் இருப்பதில்லை, ஏனெனில் வளைவதில் மற்ற விமானங்களை வெல்வதற்காக அந்த விமானம் வடிவமைக்கப்படவே இல்லை.

இந்தப் பாடத்தின் மறுபக்கத்தைப் பேராக் மாநிலத்தின் வானம் 1941 டிசம்பரில் கண்டது. முதியோர் பேச்சில் 'ஜப்பான்காரன் காலம்' என்று வழங்கும் அந்த ஆண்டுகளின் தொடக்கத்தில், ஈப்போ விமானத்தளத்திலிருந்து எழும்பிய ஆஸ்திரேலிய விமானிகள் ஓட்டியது அமெரிக்கத் தயாரிப்பான பிரூஸ்டர் பஃபலோ. அவர்களை எதிர்த்து வந்தது ஜப்பானியத் தரைப்படையின் கி-43. அங்கே ஜெர்மானிய விமானம் ஒன்றுகூட இல்லை. ஆயினும், எடைமிகுந்த, வட்டமடிக்கத் தயங்கும் விமானம் ஒன்று, இலேசான, நினைத்த இடத்தில் வளையும் விமானத்தை எதிர்கொள்ளும்போது என்ன செய்ய வேண்டும், அதைச் செய்ய முடியாமல் போவது எப்படி என்பதற்கு மேற்கே ஆயர் தாவார், சித்தியவான் முதல் கிழக்கே ஈப்போ வரை விரிந்த இந்த ரப்பர்த் தோட்டத்து வானத்தைவிட நெருக்கமான எடுத்துக்காட்டு தமிழ் வாசகருக்குக் கிடைப்பது அரிது.

விமானச் சண்டையின் அடிப்படையைப் பள்ளி இயற்பியலிலேயே காணலாம். உயரத்தில் இருக்கும் பொருளிடம் நிலையாற்றலும், ஓடும் பொருளிடம் இயக்க ஆற்றலும் உள்ளன. விமானம் கீழ்நோக்கிப் பாயும்போது முதலாவது இரண்டாவதாகிறது, மேல்நோக்கி ஏறும்போது இரண்டாவது மீண்டும் முதலாவதாகிறது. இவ்விரண்டையும் ஒரே அளவுகோலில் காட்ட, வேகத்தின் இருமடியைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்து, கிடைக்கும் எண்ணை உயரத்தோடு கூட்டினால் போதும். அந்தக் கூட்டுத்தொகை விமானத்தின் 'ஆற்றல் உயரம்' எனப்படும். மணிக்கு 600 கிலோமீட்டர் வேகத்தில் கடல் மட்டத்தை ஒட்டிப் பறக்கும் விமானத்திடம், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டால், எந்திரத்தை நிறுத்திய பிறகும் ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏறுவதற்குரிய ஆற்றல் உண்டு, அதாவது கேமரன் மலையின் தானா ராத்தா நகரம் அமைந்துள்ள உயரத்துக்கு. தாப்பாவிலிருந்து அந்த மலைப்பாதையில் முக்கி முனகிக்கொண்டு ஏறும் லாரியைப் பார்த்தவர்கள், அந்த உயரத்துக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அறிவார்கள். அதே கணக்கில், 400 கிலோமீட்டர் வேகத்துக்கும் 700 கிலோமீட்டர் வேகத்துக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்துக்குச் சமம். இந்த எண்ணங்களை 1960களில் அமெரிக்க விமானப்படையின் ஜான் பாய்டும் கணிதவியலாளர் தாமஸ் கிறிஸ்டியும் முழுமையான கோட்பாடாக வளர்த்தெடுத்தார்கள். ஆனால் உயரமும் முதுகுப்பக்கச் சூரியனும் கைவசமான பின்பே தாக்க வேண்டும் என்பதை ஜெர்மானிய விமானி ஓஸ்வால்ட் போல்க்கே 1916-லேயே விதியாக வகுத்திருந்தார்.

இந்தக் கையிருப்பை விரைவாகக் கரைப்பது வளைதல். விமானம் வட்டமடிக்க வேண்டுமானால் சாய்ந்துகொண்டு, இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பகுதியைப் பக்கவாட்டில் இழுக்கும் விசையாகப் பயன்படுத்த வேண்டும்; எடையைப்போல் நான்கு மடங்கு தூக்குவிசை தேவைப்படும் கூர்மையான திருப்பத்தில், தூக்குவிசையின் உடன்பிறப்பான தூண்டுதடை, அதாவது தூக்குவிசையை உண்டாக்குவதற்காகவே காற்று விதிக்கும் பின்னிழுப்பு, பதினாறு மடங்காகிறது. அதோடு, இறக்கையை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து தூக்குவிசை சட்டென்று அறுபடும் நிலையான 'ஸ்டால்' எந்த வேகத்தில் நிகழுமோ, அந்த வேகமும் இருமடங்காகிவிடுகிறது. வேகமாகப் போகிறவனுக்கு வட்டமும் பெரிது: நான்கு மடங்குச் சுமையுடன் மணிக்கு 400 கிலோமீட்டரில் திரும்பும் விமானத்தின் வட்டத்துக்கு ஆரம் ஏறத்தாழ 325 மீட்டர், சுற்றி முடிக்க ஆகும் நேரம் 18 வினாடி, 600 கிலோமீட்டரில் ஆரம் 730 மீட்டர், நேரம் 28 வினாடி. ஆகவே விரைவு விமானத்தை ஓட்டுகிறவர் வட்டத்துக்குள் இறங்கும்போது, தம் கையிலுள்ள நாணயம் செல்லாத சந்தைக்குள் நுழைகிறார்.

எந்த விமானம் வட்டத்தில் வெல்லும் என்பதைத் தோராயமாகச் சொல்லும் எண் இறக்கைச் சுமை. விமானத்தின் எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் வருவது இது. குறையக் குறைய வளைவு எளிது. கி-43 விமானத்தின் முதல் வகைக்கு இது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 95 கிலோ, பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் 5-க்கு 130, மலாயாவுக்கு வந்த பஃபலோவுக்கு 155, மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானத்தின் ஜி வகைக்கு 195, ஃபொக்கே-வுல்ஃப் 190-க்கு 215-க்கும் மேல். இந்த வரிசையைக் கண்டபின், ஜெர்மானிய விமானத்தில் அமர்ந்து ஸ்பிட்ஃபயரை வட்டத்தில் துரத்துவது ஏன் தோல்விக்கு அழைப்பு என்பதை விளக்க வேறு சான்று வேண்டியதில்லை. ஆனால் இந்த எண்ணுக்கு மறுபக்கமும் உண்டு: சிறிய இறக்கை காற்றில் குறைவான தடையையே உண்டாக்குவதால், அதே விமானம் கீழே பாயும்போது விரைந்து வேகம் கூட்டுகிறது, கூட்டிய வேகத்தை நீண்ட நேரம் தக்கவைக்கிறது.

எனவே ஜெர்மானிய விமானத்தின் முறை இவ்வாறு அமைகிறது: சண்டை நடக்கும் இடத்துக்கு வரும் முன்பே, அவசரப்படாமல், எதிரியைவிட ஆயிரம் மீட்டராவது மேலே ஏறிக்கொள்ள வேண்டும்; எதிரியைக் கண்டதும் மேலிருந்து பாய்ந்து, ஒரே ஒரு முறை சுட்டு, பட்டாலும் படாவிட்டாலும் திரும்பிப் பார்த்துக்கொண்டு வட்டமடிக்காமல், கிடைத்த வேகம் முழுவதையும் மீண்டும் உயரமாக மாற்றி எட்டாத இடத்துக்குப் போய்விட வேண்டும். விளையாட்டாளர்கள் 'பூம் அண்ட் ஜூம்' என்று அழைக்கும் இந்த முறை, கோழிக்குஞ்சைத் தூக்கவரும் பருந்தின் முறைதான். பருந்து கோழியோடு முற்றத்தில் சுற்றி ஓடுவதில்லை. மேலே ஏறும்போது, எதிரி அருகில் இருந்தால் செங்குத்தாக ஏறுவது பிழை, ஏனெனில் அப்போது வேகம் விரைவில் குறைந்து, துப்பாக்கி எட்டும் தொலைவிலேயே தொங்கிக்கொண்டிருக்க நேரும். முதலில் தட்டையாக ஓடித் தொலைவைக் கூட்டியபின் ஏறுவதே பொருத்தம். எதிரி அடங்காமல் பின்தொடர்ந்து ஏறி வந்தாலோ அது வரவேற்கத்தக்கது, ஏனெனில் ஆற்றல் குறைந்த விமானம் முதலில் வேகமிழந்து மூக்கைக் கவிழ்க்கும், அந்தக் கணத்தில் மேலிருப்பவர் திரும்பி விழுந்து தாக்கலாம்.

விமானத்துக்கு விமானம் நுணுக்கங்கள் வேறுபடும். 1935-இல் முதன்முதலாகப் பறந்து, போர் முடிவதற்குள் 30,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்ட மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் வலிமை அதன் ஏறும் திறனிலும் டெய்ம்லர்-பென்ஸ் எந்திரத்திலும் உள்ளது. உயரே செல்லச் செல்லக் காற்று மெலிவதால் எந்திரத்துக்கு மூச்சுத் திணறும். அதற்காகக் காற்றை அழுத்தி ஊட்டும் சூப்பர்சார்ஜர் என்னும் விசிறியை, மற்ற விமானங்களில் ஒன்றிரண்டு கியர்களில் சுழற்ற, இந்த எந்திரத்திலோ எண்ணெய் நிரம்பிய இணைப்பின் வழியே உயரத்துக்கு ஏற்பத் தானாகவே வேகம் மாறிச் சுழலும்படி அமைத்திருந்தார்கள். இன்னொரு சிறப்பு, எரிபொருளை நேரடியாக உருளைகளுக்குள் பீய்ச்சும் முறை. போரின் தொடக்க ஆண்டுகளில் ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எந்திரம் மிதவை வைத்த கார்புரேட்டரை நம்பியிருந்ததால், விமானி மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளினால் எரிபொருள் மேலெழும்பி எந்திரம் இருமி நிற்கும். ஜெர்மானிய விமானி அப்படித் தள்ளித் தப்பிவிடுவார். பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பிரிட்டிஷ் பொறியாளர் 1941-இல் எரிபொருள் பாதையில் ஒரு சிறு துளைத்தகட்டைப் பொருத்தி இந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தார். தரமான விளையாட்டுகள் இதையும் கணக்கில் கொள்கின்றன. ஆகவே எந்த ஆண்டின் ஸ்பிட்ஃபயர் துரத்துகிறது என்பதைப் பார்த்துத்தான் இந்தத் தந்திரத்தை நம்ப வேண்டும்.

109-இன் பெரிய குறை, பாயும்போது கட்டுப்பாடுகள் இறுகிப்போவது. பிடிபட்ட விமானத்தை 1940-இல் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் சோதித்தவர்கள், மணிக்கு 640 கிலோமீட்டரை நெருங்கும்போது அதைச் சாய்க்கும் எய்லரான்கள் ஏறக்குறைய அசையவே மறுத்தன என்று கண்டார்கள். அதனால் எதிரியை நோக்கித் தலைகீழாகப் பாய்கிறவர் குறியைத் திருத்தவும் முடியாமல், மேலே இழுக்கவும் முடியாமல் தரையை நோக்கிப் போய்க்கொண்டிருப்பார். பாய்ச்சலைச் சற்றுச் சாய்வாக அமைத்து, இருக்கையின் இடப்பக்கச் சக்கரத்தால் வாலின் கிடைத்தகட்டைத் தேவைக்கேற்பச் சரிசெய்துகொள்வதே இதற்கு மருந்து. சுடும் இடத்திலோ இந்த விமானம் தாராளமானது. பெரும்பாலான வகைகளில் பீரங்கியின் குழல் உந்துவிசிறியின் நடு அச்சு வழியே நேர்முன்னால் நீள்வதால், இறக்கைகளில் துப்பாக்கி வைத்த விமானங்களில்போல் இருபுறக் குண்டுகளும் எந்தத் தொலைவில் சந்திக்கும் என்ற கவலை எழுவதில்லை. ஆனால் பிந்திய வகைகளில் வந்த 30 மில்லிமீட்டர் பீரங்கியின் குண்டு வினாடிக்கு ஏறத்தாழ 540 மீட்டர் என்ற மந்த வேகத்தில் புறப்பட்டு வளைந்து விழுவதால், எதிரியின் விமானம் திரையை அடைக்கும் அளவுக்கு நெருங்காமல் அதை அழுத்துவது வீண்.

கூர்ட் டாங்க் வடிவமைத்து 1939 ஜூன் 1 அன்று முதலில் பறந்த ஃபொக்கே-வுல்ஃப் 190 வேறு குணம் கொண்டது. 1942 ஜூன் 23 அன்று ஜெர்மானிய விமானி ஆர்மின் ஃபேபர் வழிதவறி வேல்ஸின் பெம்ப்ரே தளத்தில் தவறுதலாக இறங்கியதால் முழு விமானமாகப் பிரிட்டிஷார் கையில் சிக்கிய இது, ஸ்பிட்ஃபயர் 5-ஐவிட வட்டத்தின் ஆரம் ஒன்றைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றிலும் மேம்பட்டது என்று சோதனையில் தெரிந்தது. குறிப்பாக, நீள அச்சில் புரளும் வேகம் வியப்பூட்டுவது. பொருத்தமான வேகத்தில் வினாடிக்கு 150 பாகைக்கும் மேல் புரளும். வட்டத்தின் முதல் படி சாய்வதுதான் என்பதால், ஒருபுறம் சாய்ந்து எதிரி தொடரத் தொடங்கியதும் சட்டென்று மறுபுறம் புரண்டு பாய்பவரைப் பிடிப்பது கடினம். பல வேலைகளைத் தானே பார்த்துக்கொள்ளும் ஒற்றை நெம்புகோல் எந்திரக் கட்டுப்பாடு, விளையாட்டாளரின் கவனத்தையும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் அதன் பிஎம்டபிள்யூ 801 எந்திரம் 6,000 மீட்டருக்கு மேல் சோர்ந்துவிடும். மேலும், வேகத்தில் ஜாய்ஸ்டிக்கை மிகையாக இழுத்தால், முன்னறிவிப்பு ஏதும் தராமல் ஓர் இறக்கை ஸ்டாலாகி விமானம் மறுபுறம் புரண்டு விழும். 109-இல் இறக்கையின் முன்விளிம்புத் தகடுகள் தாமாக வெளியே நழுவி அந்த எல்லையை மென்மையாகத் தெரிவிக்கும். 190-இல் அந்த இரக்கம் கிடையாது.

இப்போது பேராக் வானத்துக்குத் திரும்பலாம். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படைகள் கோத்தா பாருவில் இறங்கிய ஐந்தாம் நாள், ஆஸ்திரேலியாவின் 453-ஆம் பிரிவு சிங்கப்பூரின் செம்பவாங்கிலிருந்து பட்டர்வொர்த்துக்கும் ஈப்போவுக்கும் அனுப்பப்பட்டது. அவர்களுடைய பஃபலோக்கள், இறக்கைச் சுமையைப் பார்த்தால், கி-43 விமானத்தோடு வட்டமடிக்கக் கூடாதவை. அதுவோ எடை குறைந்த உடலோடு, திருப்பத்தின்போது விரியும் சிறப்பு இறக்கை மடல்களையும் கொண்டிருந்தது. கண்ட ஜப்பானிய விமானத்தையெல்லாம் கடற்படையின் 'ஜீரோ' என்றே பலர் அழைத்ததால், எதிரே வந்தது எது என்ற தெளிவும் அன்று குறைவாகவே இருந்தது. கணக்குப்படி பஃபலோ செய்ய வேண்டியது, 109 செய்ததைப்போல் மேலிருந்து பாய்ந்து அடித்து ஓடுவது. அதே டிசம்பரில் ரங்கூன் வானத்தில், கிளேர் செனால்ட்டிடம் பயிற்சிபெற்ற அமெரிக்கத் தன்னார்வ விமானிகள் பி-40 விமானங்களில் இதையேதான் செய்தார்கள். ஜப்பானியரோடு வட்டமடிக்கவே கூடாது, பாய்ந்து சுட்டு விலகிவிட வேண்டும் என்பது அவர் விடாமல் புகட்டிய பாடம்.

ஈப்போவில் அது இயலாமல் போனதற்கு விமானிகளின் திறமையைக் குறை சொல்ல முடியாது. உயரம் சேமிக்க நேரம் வேண்டும். நேரத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும். சிங்கப்பூரைச் சுற்றி ராடார் இருந்தது, வட மலாயாவில் இல்லை. ஆயர் தாவாருக்கும் ஈப்போவுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவில் குண்டுவீச்சு விமானங்களைக் கண்டு ஒருவர் உடனே தொலைபேசியில் சொன்னதாக வைத்துக்கொண்டாலும், மணிக்கு 300 கிலோமீட்டரில் அவை ஈப்போவை அடைய 10 நிமிடம் போதும். செய்தி தளத்தை எட்டி, விமானி ஓடி ஏறி, எந்திரத்தை முடுக்கி எழும்புவதற்கே அதில் பாதி கரைந்துவிடும். 109-இன் ஜி வகை ஏறத்தாழ ஆறு நிமிடத்தில் 6,000 மீட்டரை எட்டக்கூடியது. வெப்பமண்டலக் காற்றில் சூடேறித் தவித்த, எடை கூடிய பஃபலோவிடம் அந்த மூச்சு இல்லை. பொறியாளர்கள் கனமான துப்பாக்கிகளைச் சிறியவையாக மாற்றியும், எரிபொருளையும் குண்டுகளையும் குறைத்தும் எடையைக் கழிக்கப் பார்த்தார்கள். ஆயினும் ஏறிக்கொண்டிருக்கும்போதே, அதாவது வேகமும் இல்லாமல் உயரமும் இல்லாமல் இருக்கும் மிகக் கேடான கணத்தில், மேலிருந்து வந்தவர்களிடம் அவர்கள் அகப்பட்டார்கள். சில நாட்களில் ஈப்போவைக் கைவிட்டுக் கோலாலம்பூருக்குப் பின்வாங்கினார்கள். டிசம்பர் 22 அன்று அங்கே கி-43 விமானங்களோடு நடந்த பெருஞ்சண்டையில் பிரிவு பெரிதும் சிதைந்தது.

பஃபலோவையே குற்றவாளியாக்கிச் சிரிக்கும் எழுத்து மிகுதி. ஆனால் அதே தொழிற்சாலையின் முந்திய, எடை குறைந்த வகையில் 44 விமானங்களை வாங்கிய பின்லாந்தின் கதை அந்தச் சிரிப்பை அடக்கும். அங்கே எதிரிகளாக வந்த சோவியத் ஐ-153, ஐ-16 விமானங்கள் வளைவதில் பிரூஸ்டரை மிஞ்சக்கூடியவை. பின்லாந்து விமானிகள் உயரத்தில் காத்திருந்து, ஊஞ்சல்போல் பாய்ந்தும் ஏறியும் அவற்றை வீழ்த்தினார்கள். அவர்களுள் ஒருவரான இல்மாரி யூட்டிலைனன், தம் 94 வெற்றிகளில் 34-ஐப் பிரூஸ்டரிலும், 58-ஐ 1943 முதல் பின்லாந்துக்கு வந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109-இலும் பெற்றார். குளிர்காற்று, குறைந்த எடை, தேர்ந்த பழுதுபார்ப்பு ஆகியவற்றின் பங்கு உண்மையே. எனினும் ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறியபோது அவர் சண்டையிடும் முறையை அடியோடு மாற்ற வேண்டியிருக்கவில்லை என்பதுதான் இங்கே கவனிக்கத்தக்கது.

'ஐஎல்-2', 'ஏசஸ் ஹை', 'வார் தண்டர்' போன்ற விளையாட்டுகளில் இந்த இயற்பியல் வெவ்வேறு அளவு நுட்பத்தோடு இடம்பெற்றிருக்கிறது. நான்கு மடங்குச் சுமையில் குருதி தலையைவிட்டு இறங்கிக் கண் இருட்டுவதைத் திரையைக் கருக்கிக் காட்டலாம். ஆனால் வியர்வையில் வழுக்கும் கையால் இறுகிய கோலை இழுக்கும் பாட்டை, மேசைமேல் இருக்கும் இலேசான ஜாய்ஸ்டிக் உணர்த்தாது. மாறாக, ஈப்போ விமானிகளுக்கு வாய்க்காத நேரத்தை விளையாட்டு தாராளமாகத் தருகிறது: பெரும்பாலான இணையக் களங்களில் ஓடுதளம் சண்டையிடத்திலிருந்து பல நிமிடத் தொலைவில் உள்ளது, அந்தத் தொலைவைப் பக்கவாட்டில் ஏறிக் கழிக்கலாம். ஜெர்மானியர் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வெர்னர் மோல்டர்ஸ் வழியே செம்மைப்படுத்திய இரட்டை அணி, அதாவது ஒருவர் தாக்க மற்றவர் அவர் முதுகைக் காக்கும் ஏற்பாடு, இணையத்தில் குரல்வழிப் பேசிக்கொள்ளும் இருவருக்கு எளிதில் கைகூடும். ஒருவர் பாயும்போது மற்றவர் மேலேயே இருப்பதால் இருவரின் உயரமும் ஒரே நேரத்தில் செலவாகிவிடுவதில்லை.

எல்லாம் முடிந்து தளத்துக்குத் திரும்பும் 109 விமானத்துக்கு இன்னும் ஒரு சோதனை மிஞ்சியிருக்கிறது. இறக்கைகளைக் கழற்றினாலும் விமானம் தன் காலிலேயே நிற்கவேண்டும் என்பதற்காகச் சக்கரக் கால்களை உடலோடு பொருத்தியதால், அவற்றுக்கு இடையிலான அகலம் குறைந்து, தரையைத் தொட்டபின் சற்றே கோணலாக ஓடினாலும் விமானம் சுழன்று இறக்கையைத் தரையில் உரசிவிடும். உண்மைப் போரில் எத்தனையோ 109 விமானங்கள் ஓடுதளத்திலேயே சேதமுற்றன. விளையாட்டிலும், மூன்று எதிரிகளை வீழ்த்தி வந்தவர் எந்திரத்தை நிறுத்தும்வரை வாலையும் கால்மிதியையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.